வாக்குத்தத்தம் கையில், வெள்ளி தராசில்: மக்பேலா நிலத்தை ஆபிரகாம் வாங்கிய விதம்

வேதத்தை முதலிலிருந்து வரிசையாக வாசிப்பவர்கள்கூட ஆதியாகமம் 23ஆம் அதிகாரத்தைக் கொஞ்சம் வேகமாகத்தான் தாண்டிப் போவார்கள். அதற்கு முந்தைய அதிகாரத்தில் மோரியா மலை இருக்கிறது. கட்டைகளின்மேல் கிடத்தப்பட்ட ஈசாக்கு, ஓங்கிய கத்தி, வானத்திலிருந்து வந்த சத்தம். அடுத்த அதிகாரத்தில் ரெபெக்காள் கிணற்றடியில் ஒட்டகங்களுக்குத் தண்ணீர் மொண்டு வார்க்கிறாள். இந்த இரண்டு பெரிய சம்பவங்களுக்கும் நடுவில் ஒரு நிலப் பேச்சுவார்த்தை.

மொத்தம் 20 வசனங்கள். சாராளின் மரணமும் ஆபிரகாமின் அழுகையும் முதல் இரண்டு வசனங்களில் முடிந்துவிடுகின்றன. அடக்கம் 19ஆம் வசனத்தில் ஒரே வரியில் வருகிறது. மற்றதெல்லாம் நிலம், விலை, எல்லை, சாட்சிகள். கடவுள் இந்த அதிகாரத்தில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தரிசனம் இல்லை, பலிபீடம் இல்லை, தூதனும் இல்லை.

அதனால்தான் இந்த அதிகாரம் முக்கியம் என்று நினைக்கிறேன். வானம் மௌனமாக இருக்கும் ஒரு நாளில், துக்கத்தின் நடுவில், வேற்று இனத்தார் முன்னால் ஒரு விசுவாசி எப்படி நடந்துகொள்கிறார் என்பதை இது காட்டுகிறது. தேசம் முழுவதையும் தருவேன் என்று கடவுளிடமிருந்து வாக்குப் பெற்ற மனிதர், அதே தேசத்தில் மக்பேலா என்ற ஒரு குகைக்கு முழு விலையையும் எண்ணிக் கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்று கேட்டுப் பார்த்தால் அவருடைய விசுவாசம் எப்படிப்பட்டது என்று விளங்கும்.

62 வருஷம், ஒரு சாண் நிலமில்லை

ஆரானை விட்டுப் புறப்பட்டபோது ஆபிரகாமுக்கு வயது 75. சாராள் அவரைவிடப் பத்து வயது இளையவர். சாராள் 127 வயதில் இறந்தார் என்பதால் ஆபிரகாமுக்கு அப்போது 137, ஈசாக்குக்கு 37. அதாவது கானானுக்கு வந்து 62 வருஷங்கள் ஓடியிருந்தன.

இந்த 62 வருஷத்தில் நிலத்தைப் பற்றிய வாக்கு திரும்பத் திரும்ப வந்தது. சீகேமில், உன் சந்ததிக்கு இந்தத் தேசத்தைக் கொடுப்பேன் என்று முதல் தடவை கேட்டார். லோத்து பிரிந்து போனதும், நாலு திசையும் கண்ணை ஏறெடுத்துப் பார், நீ காண்கிற பூமி முழுவதும் உனக்கு என்று கேட்டார். 15ஆம் அதிகாரத்தில் எகிப்தின் நதி தொடங்கி ஐபிராத்து வரைக்கும் எல்லையே சொல்லப்பட்டது. அந்த எல்லைக்குள் குடியிருந்த இனங்களின் பட்டியலில் ஏத்தியரின் பெயரும் இருக்கிறது. 17ஆம் அதிகாரத்தில் அது நித்திய சுதந்தரம் என்று உறுதிப்பட்டது.

ஆனால் நிலவரம் என்ன? கூடாரம், மந்தை, அங்கங்கே கட்டிய பலிபீடங்கள், பெயெர்செபாவில் வெட்டிய ஒரு கிணறு. அவ்வளவுதான். அவருக்கு அங்கே ஓர் அடி நிலம்கூடச் சொந்தமாகக் கிடைக்கவில்லை என்று ஸ்தேவான் அப்போஸ்தலர் 7ஆம் அதிகாரத்தில் சொல்வது மிகையே இல்லை. அந்தக் கிணற்றைக்கூட அபிமெலேக்கின் ஆட்கள் பறித்துக்கொண்டார்கள். அப்போது அவர் ஆள் திரட்டிச் சண்டைக்குப் போகவில்லை. கிணறு தான் வெட்டியதுதான் என்பதற்குச் சாட்சியாக ஏழு பெண்ணாட்டுக்குட்டிகளைக் கொடுத்து, ஆணையிட்டு, உடன்படிக்கை செய்துகொண்டார். மக்பேலாவில் செய்யப்போவதன் சாயல் அங்கேயே தெரிகிறது.

இந்த நிலையில்தான் சாராள் எபிரோனில் இறந்தார். இறக்கும்போது இத்தனை வயது என்று வேதம் குறித்துவைத்திருக்கும் ஒரே பெண் அவர்தான். ஊரை விட்டு வந்த நாள் முதல் கூடாரத்தில் வாழ்ந்து, இரண்டு முறை அந்நிய ராஜாக்களின் அரண்மனைக்குக் கொண்டுபோகப்பட்டு, 90 வயதில் பிள்ளை பெற்று வளர்த்த பெண். ஆபிரகாம் வந்து சாராளுக்காகப் புலம்பி அழுதார்.

ஆபிரகாம் அழுததாக வேதம் சொல்லும் இடம் இது ஒன்றுதான். தேசத்தையும் இனத்தையும் விட்டுக் கிளம்பியபோதும், மகனை மலைக்கு அழைத்துப் போனபோதும் அவர் கண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கடவுள் மரித்தோரிலிருந்தும் எழுப்ப வல்லவர் என்று எண்ணித்தான் அவர் ஈசாக்கை ஒப்புக்கொடுத்தார் என்று எபிரெயர் 11:19 சொல்கிறது. அப்படி உயிர்த்தெழுதலை நம்பியவரே மனைவியின் சடலத்துக்கு முன்னால் உட்கார்ந்து புலம்புகிறார். விசுவாசிகள் வீட்டுச் சாவில் அழுகையை அதட்டி நிறுத்துகிறவர்கள் இந்த வசனத்தை நிதானமாக வாசிக்க வேண்டும். லாசருவின் கல்லறைக்கு முன் இயேசு கண்ணீர் விட்டார், அதுவும் சில நிமிஷங்களில் அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே. நம்பிக்கை இருப்பதால் அழுகை குறைந்தாக வேண்டும் என்று வேதம் எங்கும் கேட்கவில்லை.

அழுது முடித்ததும் அவர் பிரேதத்தின் முன்னிருந்து எழுந்தார் என்று மூன்றாம் வசனம் சொல்கிறது. அடக்கம் செய்ய வேண்டும். அதற்கு இடம் வேண்டும். இடம் யாருடையதோ அவர்களிடம் போக வேண்டும்.

வாசலில் நின்ற பரதேசி

அந்தக் காலத்தில் ஊரின் பொதுக் காரியங்கள் நடக்கும் இடம் பட்டண வாசல். வழக்கு, விற்பனை, திருமண ஒப்பந்தம் எல்லாம் அங்கேதான். ரூத்தின் கதையில் போவாஸ் பத்து மூப்பர்களை உட்காரவைத்துப் பேசியதும் அங்கேதான். ஆபிரகாம் அந்த வாசலில் ஏத்தின் புத்திரர், அதாவது அந்த ஊர் ஏத்தியர், முன் நின்று சொன்ன முதல் வார்த்தை இது: "நான் உங்களிடத்தில் அந்நியனும் பரதேசியுமாய் இருக்கிறேன்."

அவர் வேறு என்னென்ன சொல்லியிருக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். இந்த மண் எனக்கு வாக்களிக்கப்பட்டது என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. தன் வீட்டில் பிறந்து பழகிய 318 பேரைக் கூட்டிக்கொண்டு போய் நாலு ராஜாக்களின் படையை முறியடித்தவர் என்பதை நினைவுபடுத்தியிருக்கலாம். எபிரோனுக்குப் பக்கத்திலிருந்த மம்ரேயும் எஸ்கோலும் ஆனேரும் அந்தப் போரில் அவரோடு நின்றவர்கள், ஆகவே செல்வாக்கையாவது காட்டியிருக்கலாம். எதையும் செய்யவில்லை. நான் வெளியாள், உங்கள் நடுவில் எனக்கு உரிமை எதுவும் இல்லை, எனக்குச் சொந்தமாக ஒரு கல்லறைப் பூமி தாருங்கள் என்று கேட்கிறார்.

கடவுள் தனக்குச் சொன்னதை அவர் பக்கத்து வீட்டுக்காரருக்கு எதிரான ஆதாரமாக நீட்டவில்லை. வாக்குத்தத்தம் அவருக்கும் கடவுளுக்கும் நடுவில் உள்ள காரியம், அதை எப்போது எப்படி நிறைவேற்றுவது என்பது கடவுளின் பொறுப்பு. ஏத்தியரோடு அவருக்கு உள்ள உறவு வேறு: அவர்கள் நிலத்தின் சொந்தக்காரர்கள், இவர் கேட்டு வாங்குகிறவர். இந்த இரண்டையும் அவர் குழப்பிக்கொள்ளவே இல்லை. ஆண்டவர் எனக்குக் காட்டினார், ஆகவே இது எனக்குத்தான் என்று இடத்துக்கும் பதவிக்கும் சபைக்குள்ளேயே அடித்துக்கொள்ளும் காலத்தில் இதை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. வாக்குப் பெற்றவருக்கு அடுத்தவர் பொருளை எடுத்துக்கொள்ளும் அனுமதி அதோடு சேர்ந்து வரவில்லை.

ஏத்தியரின் பதிலும் அழகானது. எங்களுக்குள்ளே நீர் மகா பிரபு, எங்கள் கல்லறைகளில் சிறந்ததில் அடக்கம் பண்ணும், எங்களில் ஒருவனும் தடுக்கமாட்டான் என்கிறார்கள். தன்னைப் பரதேசி என்றவரை அவர்கள் பிரபு என்கிறார்கள். பல வருஷம் அக்கம்பக்கத்தில் வாழ்ந்து பார்த்தவர்கள் கொடுத்த சாட்சி அது, சும்மா முகத்துதி என்று தள்ளிவிட முடியாது. உடன்படிக்கையோ வேதமோ இல்லாத அந்த மனிதர்கள், வேற்று இனத்துப் பெண்ணின் உடலைத் தங்கள் முன்னோர் கிடக்கும் கல்லறையில் வைக்கச் சம்மதித்தார்கள். ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்களையே சாதி பார்த்துத் தனித்தனிப் பக்கத்தில் புதைத்த கல்லறைத் தோட்டங்கள் நம் நாட்டுச் சபைகளில் இருந்திருக்கின்றன. ஏத்தியருக்கு முன்னால் நாம் தலைகுனிய வேண்டிய இடம் இது.

ஆபிரகாம் எழுந்து அவர்களுக்கு வணக்கம் செலுத்தினார். பேச்சின் நடுவில் இரண்டு தடவை, ஏழாம் வசனத்திலும் பன்னிரண்டாம் வசனத்திலும், அந்தத் தேசத்து ஜனங்களுக்கு முன் குனிந்தார். ஆனால் அவர்கள் கொடுக்க வந்ததை ஏற்றுக்கொள்ளவில்லை. அடுத்தவர் கல்லறையில் இடம் கிடைப்பது தயவு, தயவு ஒரு தலைமுறையோடு முடிந்துபோகலாம். அவருக்குத் தேவைப்பட்டது யாரும் பிறகு வந்து கேள்வி கேட்க முடியாத சொந்த இடம். சோகாரின் மகன் எப்பெரோனின் நிலத்துக் கடைசியில் இருக்கும் மக்பேலா குகையை, பெறும் விலைக்குத் தரும்படி எனக்காக அவரிடம் பேசுங்கள் என்று கேட்டார். நேரே எப்பெரோனிடம் போகாமல் ஊரார் மூலம் கேட்டதும் மரியாதைதான்.

400 சேக்கல்

எப்பெரோன் அந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருந்தார். எல்லார் காதும் கேட்க, நிலத்தையும் தருகிறேன், அதிலுள்ள குகையையும் தருகிறேன் என்றார். கேட்டது குகை, கொடுக்க வந்தது நிலமும் குகையும். இதுபோன்ற தாராளப் பேச்சு கிழக்கத்திய பேரத்தில் வழக்கமான தொடக்கம்தான். வாங்குபவர் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள மாட்டார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

எப்பெரோன் முழு நிலத்தையும் சேர்த்ததற்கு ஒரு சட்டக் காரணம் உண்டு என்று 1953இல் மன்ஃபிரெட் லேமன் என்ற அறிஞர் எழுதினார். துருக்கியில் பண்டைய ஏத்தியரின் தலைநகரான அத்துசாவில் கிடைத்த களிமண் பலகைகளில் அவர்களுடைய சட்டங்கள் இருக்கின்றன. ஒருவர் நிலத்தில் ஒரு பகுதியை மட்டும் விற்றால் அந்த நிலத்துக்குரிய அரச கடமைகள் விற்றவர் தலையிலேயே நிற்கும், முழுதாக விற்றால்தான் வாங்கியவருக்குப் போகும் என்பது அந்தச் சட்டங்களை லேமன் புரிந்துகொண்ட விதம். 1966இல் ஜீன் டக்கர் இதை மறுத்தார். இந்த அதிகாரத்தின் நடை பிற்காலத்துப் பாபிலோனிய விற்பனைப் பத்திரங்களில் வரும் உரையாடல் நடைக்குத்தான் நெருக்கம் என்பது அவர் வாதம். எனக்கு டக்கரின் வாதமே வலுவாகப் படுகிறது. எப்பெரோன், சோகார் ஆகியவை செமித்தியப் பெயர்கள், எபிரோனில் இருந்த ஏத்தின் புத்திரருக்கும் துருக்கிப் பகுதியில் இருந்த அந்த ஏத்தியப் பேரரசுக்கும் உள்ள தொடர்பும் உறுதியானதல்ல. ஆகவே லேமனின் விளக்கத்தைப் பிரசங்கத்தில் முடிந்த முடிவாகச் சொல்லாமல் இருப்பது நல்லது.

இரண்டாம் முறை குனிந்து வணங்கிய ஆபிரகாம், நிலத்தின் விலையைத் தருகிறேன், வாங்கிக்கொள்ளும் என்றார். அதற்கு எப்பெரோன், நிலம் 400 சேக்கல் வெள்ளி பெறும், உமக்கும் எனக்கும் நடுவில் அது என்ன பெரிய காரியம் என்று பதில் சொன்னார். விலையைப் போகிற போக்கில் சொல்லிவிட்டார்.

400 சேக்கல் எவ்வளவு? பிற்கால யூதேயாவின் சேக்கல் எடைக்கற்கள் சுமார் 11 கிராம் இருக்கின்றன. அந்தக் கணக்கில் ஏறக்குறைய நாலரை கிலோ வெள்ளி. பழங்காலப் பாபிலோன் ராஜா அம்முராபியின் சட்டம் விவசாயக் கூலியாளுக்கு நிர்ணயித்த நாள்கூலியை வருஷத்துக்குக் கூட்டினால் 11 சேக்கலுக்கும் கொஞ்சம் குறைவாக வருகிறது. ஒரு மனிதன் தன் உழைக்கும் காலம் முழுவதும் சம்பாதிப்பது இந்த விலை. வேதத்திலேயே ஒப்பிட்டுப் பார்த்தால், எரேமியா ஆனதோத்தில் வாங்கிய நிலம் 17 சேக்கல். தாவீது அர்வனாவின் களத்தையும் மாடுகளையும் வாங்கியது 50 சேக்கலுக்கு. மக்பேலா நிலத்தின் பரப்பு எவ்வளவு என்று வேதம் சொல்லாததால் இதைக் கொள்ளை விலை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மலிவு விலை இல்லை என்பது நிச்சயம்.

ஆபிரகாம் பேரம் பேசவில்லை. பேரம் பேசத் தெரியாதவரும் அல்ல. சோதோமுக்காகக் கடவுளிடமே 50 நீதிமான்களில் ஆரம்பித்து, 45, 40, 30, 20 என்று இறங்கி 10 வரைக்கும் கொண்டுவந்தவர் அவர். அடுத்தவர் உயிருக்காக ஆறு முறை வாதாடியவர், தன் பணத்துக்காக ஒரு முறையும் வாதாடவில்லை. ஏத்தின் புத்திரர் கேட்க எப்பெரோன் சொன்ன அந்த 400 சேக்கலை, வர்த்தகரிடத்தில் செல்லும்படியான வெள்ளியாக, அங்கேயே நிறுத்துக் கொடுத்தார். நாணயம் அச்சடிக்கும் வழக்கம் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு வந்தது. அப்போதெல்லாம் வெள்ளியைத் தராசில் நிறுக்க வேண்டும். தரம் குறைந்த வெள்ளியையும் கள்ள நிறைகல்லையும் வைத்து ஏமாற்றுவது சாதாரணம், அதைக் கண்டித்து நியாயப்பிரமாணமும் தீர்க்கதரிசிகளும் திரும்பத் திரும்பப் பேசுகிறார்கள். ஆபிரகாம் கொடுத்த வெள்ளியில் எடைக் குறைவும் இல்லை, தரக் குறைவும் இல்லை.

இலவசமாக வாங்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சோதோமின் ராஜா கொள்ளைப் பொருளை எடுத்துக்கொள்ளச் சொன்னபோது அவர் சொன்னதை நினைக்க வேண்டும். ஆபிரகாமை நான் ஐசுவரியவானாக்கினேன் என்று நீர் சொல்லாதபடிக்கு, ஒரு நூலையோ செருப்பு வாரையோகூட எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றார். கடவுள் தருவேன் என்றதை வேறு ஒருவர் தந்ததாகப் பேர் வந்துவிடக்கூடாது என்பதில் அவருக்கு அத்தனை கவனம். தாவீதும் அர்வனாவிடம் இதே மாதிரி நின்றார்: இலவசமாய் வாங்கி என் தேவனுக்குச் சர்வாங்க தகனபலி செலுத்தமாட்டேன். இரண்டு பேருமே, கொடுக்கத் தயாராக இருந்த வேற்று இனத்தாரிடம் வற்புறுத்திக் காசு கொடுத்தவர்கள். பிற்காலத்து யூத ரபீமார் மக்பேலாவையும் தேவாலயம் நின்ற இடத்தையும் சீகேமில் யோசேப்பின் கல்லறை இருக்கும் இடத்தையும் ஒன்றாக வைத்து, இவை திருடப்பட்டவை என்று எந்த ஜாதியும் எங்களைக் குற்றம் சொல்ல முடியாது, ஏனென்றால் விலை கொடுத்து வாங்கப்பட்டவை என்றார்கள்.

17, 18ஆம் வசனங்களை வாசித்தால் நம் ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியும் கிரயப் பத்திரம் போலவே இருக்கிறது. மம்ரேக்கு எதிரே மக்பேலாவில் உள்ள நிலம், அதிலுள்ள குகை, நிலத்தின் நாலு எல்லைக்குள் நிற்கிற மரங்கள் எல்லாம், பட்டண வாசலுக்குள் வருகிற யாவரும் அறிய, ஆபிரகாமுக்கு உறுதியாயிற்று. நம் பத்திரங்களில் மாவடை மரவடை உட்பட என்று எழுதுவோமே, அதேதான். இத்தனை விவரம் யாருக்காக? 137 வயதுக்காரர் தனக்காக மட்டும் இப்படி எழுதிக்கொள்ள மாட்டார். தனக்குப் பின்னால் வருகிறவர்கள் வம்பு வழக்கில்லாமல் இருக்க வேண்டும் என்ற கவலை அது. பிள்ளைகளுக்காக ஜெபிப்பதோடு காகிதங்களையும் ஒழுங்காக வைத்துவிட்டுப் போவது விசுவாசக் குறைவு ஆகாது. எருசலேம் முற்றுகையில் கிடந்த நேரத்தில் எரேமியா நிலம் வாங்கி, பத்திரத்தை மண்பாண்டத்தில் வைத்துப் பாதுகாக்கச் சொன்னதும் இந்த வழியில் வந்ததுதான்.

கல்லறையை ஏன் அங்கே வாங்கினார்

பெரிய குடும்பத்துப் பெண்ணை முன்னோரின் ஊரில் அடக்கம் செய்வதுதான் எதிர்பார்க்கக்கூடியது. சொந்தக்காரர்கள் ஆரானில் இருந்தார்கள். யாக்கோபின் உடலை எகிப்திலிருந்து எபிரோனுக்குக் கொண்டுவர முடிந்தது என்றால், தூரம் ஒரு தடையே இல்லை. ஆபிரகாம் ஆரானை நினைக்கவே இல்லை. வந்த இடம் எங்களுக்கு முகாம் அல்ல, இதுதான் எங்கள் ஊர் என்று அவர் சாராளின் உடலை வைத்து முடிவு செய்தார்.

இதில் இன்னொன்றும் உண்டு. உன் சந்ததியார் தங்களுடையதல்லாத தேசத்தில் 400 வருஷம் உபத்திரவப்படுவார்கள், நீயோ சமாதானத்தோடே உன் பிதாக்களிடத்தில் சேருவாய், நாலாம் தலைமுறையில்தான் அவர்கள் இங்கே திரும்பி வருவார்கள் என்று 15ஆம் அதிகாரத்திலேயே கடவுள் சொல்லிவிட்டார். தேசம் தன் காலத்தில் கைக்கு வராது என்று தெரிந்தே அவர் நிலம் வாங்கினார். (400 வருஷத்தையும் 400 சேக்கலையும் முடிச்சுப் போட்டுப் பேசுவது சிலருக்குப் பிடிக்கும். வேதம் அப்படி எதுவும் சொல்லவில்லை, விட்டுவிடலாம்.) வாக்கு நிறைவேறாமலே சாகப்போகிறவர் அந்த வாக்கின்மேல் செலவு செய்கிறார். எபிரெயர் 11:13 இதைத்தான் சொல்கிறது: வாக்குத்தத்தம் பண்ணப்பட்டவைகளை அடையாமல், தூரத்திலே அவைகளைக் கண்டு, நம்பி அணைத்துக்கொண்டு, தங்களை அந்நியரும் பரதேசிகளும் என்று அறிக்கையிட்டு மரித்தார்கள். அந்த வசனம் எபிரோன் வாசலில் ஆபிரகாம் சொன்ன அதே அறிக்கையை எடுத்து எல்லா விசுவாசிகளுக்கும் பொதுவாக்குகிறது.

அந்தக் குகை குடும்பத்தின் இடமாக ஆனது. சாராளுக்குப் பிறகு ஆபிரகாம், ஈசாக்கு, ரெபெக்காள், லேயாள், கடைசியாக யாக்கோபு. ராகேல் மட்டும் அங்கே இல்லை, பெத்லகேமுக்குப் போகிற வழியில் அடக்கம் செய்யப்பட்டார். யாக்கோபு வாழ்நாளெல்லாம் நேசித்தது ராகேலை. ஆனால் உயிரோடிருந்தபோது இரண்டாமிடத்திலேயே வைக்கப்பட்ட லேயாளுக்குத்தான் அவர் பக்கத்தில் இடம் கிடைத்தது. அங்கே லேயாளை அடக்கம் பண்ணினேன் என்று மரணப்படுக்கையில் அவரே சொல்கிறார். எத்தனையோ வருஷத்து மனத்தாங்கலுக்கு அதற்குள் ஏதோ ஒரு தீர்வு வந்திருந்தது என்று நம்ப எனக்கு ஆசை.

ஆபிரகாம் இறந்தபோது அவரை அடக்கம் செய்தது ஈசாக்கும் இஸ்மவேலும். ஒரு துருத்தித் தண்ணீரோடு வனாந்தரத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளை, தன்னை அனுப்பிய தகப்பனின் உடலைச் சுமக்க வந்திருக்கிறார். ஈசாக்கு இறந்தபோது வந்தவர்கள் ஏசாவும் யாக்கோபும். தகப்பனுக்குத் துக்கம் கொண்டாடும் நாள் வரட்டும், அப்போது தம்பியைக் கொன்றுபோடுவேன் என்று ஒரு காலத்தில் ஏசா சொல்லியிருந்தார். அந்த நாள் வந்தபோது இரண்டு பேரும் சேர்ந்து அடக்கம் செய்தார்கள்.

முட்செடியின் நடுவிலிருந்து கடவுள் மோசேயிடம், நான் ஆபிரகாமின் தேவனும் ஈசாக்கின் தேவனும் யாக்கோபின் தேவனுமாயிருக்கிறேன் என்றபோது, அந்த மூன்று பேரும் இந்த ஒரே குகையில் கிடந்தார்கள். உயிர்த்தெழுதல் இல்லை என்று வாதாடிய சதுசேயருக்கு இயேசு இந்த வார்த்தையைத்தான் பதிலாக எடுத்தார்: தேவன் மரித்தோருக்கு தேவனாயிராமல் ஜீவனுள்ளோருக்கு தேவனாயிருக்கிறார். மக்பேலாவில் கிடப்பவர்களை வைத்தே அவர் உயிர்த்தெழுதலை நிரூபித்தார். அவருடைய உடலுக்கு வாங்கி வைத்த சொந்தக் கல்லறை எதுவும் இல்லை. அரிமத்தியா ஊரான் யோசேப்பு தனக்கென்று வெட்டியிருந்த புதிய கல்லறையில்தான் வைத்தார்கள். அவரைக் காட்டிக்கொடுத்த 30 வெள்ளிக்காசுக்கோ அந்நியரை அடக்கம் பண்ண ஒரு குயவன் நிலம் வாங்கப்பட்டது. அந்நியன் என்று சொல்லிக்கொண்டு ஆபிரகாம் தேடிய அதே காரியம், இயேசுவின் விலையால் பெயர் தெரியாத அந்நியர்களுக்குக் கிடைத்தது.

இன்றைய எபிரோன்

எபிரோன் எருசலேமுக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது. குகை இருப்பதாகக் கருதப்படும் இடத்தைச் சுற்றி மகா ஏரோது காலத்தில் எழுப்பிய மதில் இன்றும் நிற்கிறது, சுமார் 59 மீட்டர் நீளம், 34 மீட்டர் அகலம். எருசலேம் தேவாலயம் இடிக்கப்பட்டுவிட்டது, ஆனால் அதே கைவண்ணம் இங்கே கிட்டத்தட்ட முழுசாகப் பிழைத்திருக்கிறது. பைசாந்தியர் காலத்தில் அதற்குள் ஆலயம், பிறகு மசூதி, சிலுவைப்போர் வீரர்கள் காலத்தில் மறுபடி ஆலயம், சலாவுதீனுக்குப் பின் மறுபடி மசூதி. 13ஆம் நூற்றாண்டில் மம்லுக் சுல்தான் பைபர்ஸ் யூதரும் கிறிஸ்தவரும் உள்ளே வரக்கூடாது என்று தடுத்தார். அதன்பிறகு யூதர்கள் வெளிப் படிக்கட்டில் ஏழாம் படி வரைதான் போக முடிந்தது, 1967இல் எபிரோன் இஸ்ரவேல் நாட்டின் கைக்கு வரும் வரைக்கும்.

1929இல் எபிரோனில் 67 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். 1994 பிப்ரவரி 25 அன்று, ரமலான் மாதத் தொழுகையில் இருந்த 29 முஸ்லிம்களை யூதத் தீவிரவாதி ஒருவர் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே சுட்டுக் கொன்றார். அதன் பிறகு கட்டடம் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பக்கம் மசூதியாகவும் மறுபக்கம் ஜெபாலயமாகவும் இருக்கிறது. வருஷத்தில் பத்து நாள் முழுக் கட்டடமும் முஸ்லிம்களுக்கு, வேறு பத்து நாள் யூதர்களுக்கு. ஈசாக்கும் இஸ்மவேலும் சேர்ந்து தகப்பனை வைத்த இடத்துக்கு இரண்டு பேரின் வாரிசுகளும் தனித்தனி வாசல் வழியாக, சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் போகிறார்கள்.

23ஆம் அதிகாரத்தை அந்த மண்ணுக்கான உரிமைப் பத்திரமாக எடுத்துக்காட்டுகிறவர்கள் பலர். பத்திரம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதை முழுதாக வாசிக்க வேண்டும். வாங்கியவர் அந்தத் தேசத்து ஜனங்களுக்கு முன் இரண்டு தடவை குனிந்தார் என்பது அதில் இருக்கிறது. அவர்கள் சம்மதம் கேட்டார் என்பதும் இருக்கிறது. கேட்ட விலையை ஒரு சேக்கல்கூடக் குறைக்காமல் கொடுத்தார் என்பதும் இருக்கிறது. ஆதியாகமம் இந்தக் கல்லறையைப் பற்றி அதற்குப் பிறகு மூன்று இடங்களில் பேசுகிறது: ஆபிரகாமின் அடக்கத்தில், யாக்கோபின் கடைசிக் கட்டளையில், யாக்கோபின் அடக்கத்தில். மூன்று இடங்களிலும் அது ஏத்தியனாகிய எப்பெரோனிடமிருந்து வாங்கியது என்று சேர்த்தே எழுதியிருக்கிறது. வாங்கி முடித்துப் பல வருஷம் ஆன பிறகும், எகிப்தில் கண்மூடப்போகிற பேரன்கூட, விற்றவரின் பெயரை விடாமல் சொல்கிறார்.